எட்டு ஆண்டுக் கணக்கு: சட்டக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன்

பிளஸ் டூ முடிவு வந்ததும் சட்டப் படிப்புக்குப் பெரும்பாலான வீடுகளில் ஐந்து ஆண்டுக் கணக்குத்தான் போடுகிறார்கள். ஆண்டுக் கட்டணம் இவ்வளவு, விடுதி இவ்வளவு, ஐந்தால் பெருக்கினால் இவ்வளவு. படிப்பு முடிந்த மறுமாதமே சம்பளம் வரும் தொழிலுக்கு அந்தக் கணக்கு போதும். வழக்கறிஞர் தொழிலுக்குப் போதாது. பட்டம் வாங்கிய பிறகு ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர வேண்டும். கேஸ் கட்டைச் சுமந்து, வாய்தா வாங்கி, மனுக்களை எழுதி எழுதித் திருத்தம் வாங்கி, குறுக்கு விசாரணை எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இதற்குக் குறைந்தது மூன்று ஆண்டு ஆகும். அந்தக் காலத்தில் கைக்கு வரும் பணம் போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் சரியாக இருக்கும். ஆகவே குடும்பம் போட வேண்டியது எட்டு ஆண்டுக் கணக்கு.

நீதிபதி ஆவதே இலக்கு என்றாலும் இதே கணக்குதான். முன்பு படிப்பு முடித்த கையோடு சிவில் நீதிபதித் தேர்வு எழுத வழி இருந்தது. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், தேர்வு எழுதக் குறைந்தது மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும். பார் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு பெற்ற நாளிலிருந்து அந்த அனுபவம் கணக்கிடப்படும். நீதிபதிகளிடம் சட்ட எழுத்தராக வேலை பார்த்த காலமும் சேரும். அப்படியானாலும் அந்த மூன்று ஆண்டும் சோறும் வாடகையும் கேட்கும். அந்தச் செலவையும் இப்போதே எழுதி வையுங்கள்.

வழக்கமாக எல்லோரும் தரவரிசையில் தொடங்கி, கட்டணத்தைப் பார்த்து, வேலையைக் கடைசியில் யோசிக்கிறார்கள். இந்த அத்தியாயத்தில் அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறேன்.

எங்கே நிற்கப் போகிறீர்கள்?

சட்டப் பட்டத்தின் மதிப்பு, அதைக் கொண்டு நீங்கள் எங்கே போய் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். மும்பையிலும் டெல்லியிலும் பெங்களூருவிலும் இருக்கும் பெரிய சட்ட நிறுவனங்களில் கல்லூரியின் பெயர்தான் கதவைத் திறக்கிறது. சிரில் அமர்சந்த், ஷார்துல் அமர்சந்த், கைத்தான், ஏ.இசட்.பி., டிரைலீகல் போன்ற நிறுவனங்கள் முதலில் ஆள் எடுக்கப் போவது சில தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு மட்டுமே. பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி, ஹைதராபாத் நல்சார், கொல்கத்தா சட்டப் பல்கலைக்கழகம், டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் ஆகியவை அந்த வரிசையில் முன்னால் நிற்பவை. அங்கே தேர்வாகும் மாணவருக்குத் தொடக்கச் சம்பளமே ஆண்டுக்குப் பதினைந்து லட்சத்தை ஒட்டி இருக்கும். வேலை நேரம் கடுமை. வாரக் கடைசி என்று ஒன்று இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

திருநெல்வேலி மாவட்ட நீதிமன்றத்திலோ மயிலாடுதுறை சார்பு நீதிமன்றத்திலோ வழக்கு நடத்தப் போகிறவர் வாழ்வது வேறோர் உலகம். அங்கே சாட்சி தமிழில் பேசுகிறார், குறுக்கு விசாரணையும் தமிழில் நடக்கிறது. கட்சிக்காரர் தேடி வருவது உங்கள் கல்லூரிப் பெயரைக் கேட்டு அல்ல, யாரிடம் ஜூனியராக இருந்தீர்கள், எந்த வழக்கை எப்படி நடத்தினீர்கள் என்று கேட்டுத்தான். மாவட்ட நீதிமன்றங்களில் பெயர் பெற்ற வழக்கறிஞர்களில் மிகப் பலர் அரசுச் சட்டக் கல்லூரிகளில் படித்தவர்கள். ஒரே ஊரில் படித்து, அங்கேயே தொழில் தொடங்குகிறவருக்கு உடன் படித்தவர்கள் ஐந்தாறு தாலுகா நீதிமன்றங்களில் பரவியிருப்பார்கள். வழக்கும் செய்தியும் அவர்கள் வழியாகத்தான் வரும். வெளி மாநிலத்தில் படித்துத் திரும்புகிறவர் அந்த உறவுகளை முதலிலிருந்து கட்ட வேண்டும்.

சென்னை உயர் நீதிமன்றமும் அதன் மதுரைக் கிளையும் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன. வாதம் ஆங்கிலத்தில். நல்ல ஆங்கிலமும் தீர்ப்புகளைத் தேடிப் படிக்கும் பழக்கமும் கட்டாயம். ஆனால் கல்லூரிப் பெயர் முதல் ஆறு மாதத்துக்கு மேல் அங்கே பேசாது.

வங்கிகளின் சட்ட அதிகாரிப் பணிக்குச் சட்டப் பட்டமும் பார் கவுன்சில் பதிவும் இருந்து, தேர்வில் மதிப்பெண் வந்தால் போதும். பொதுத்துறை நிறுவனங்கள் சில, முதுகலைச் சட்டப் படிப்புக்கான கிளாட் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுக்கின்றன. இந்த இரண்டு வழியிலும் எந்தக் கல்லூரி என்பது பெரிதாகக் குறுக்கே வராது.

பதினேழு வயதில் இதையெல்லாம் முடிவு செய்ய முடியுமா என்று பெற்றோர் கேட்பார்கள். முடியாது என்பதுதான் உண்மை. அதனால்தான் கடனைப் பற்றி முதலில் பேச வேண்டியிருக்கிறது. கடன் குறைவாக இருக்கிற மாணவர் இருபத்து மூன்று வயதில் மனம் மாறலாம்; கடன் கழுத்தில் இருக்கிறவரால் அது முடியாது.

பணம்

அரசுச் சட்டக் கல்லூரியின் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களோடு நின்றுவிடும். சென்னைக்கு வெளியே பட்டறைப்பெரும்புதூர், புதுப்பாக்கம் தொடங்கி, மதுரை, திருச்சி, கோவை, திருநெல்வேலி, வேலூர், விழுப்புரம், சேலம், தருமபுரி, நாமக்கல், தேனி, ராமநாதபுரம், காரைக்குடி என்று மாநிலம் முழுவதும் இவை இருக்கின்றன. சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணும் இடஒதுக்கீடும்தான். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் சென்னையில் நேரடியாக நடத்தும் சீர்மிகு சட்டப்பள்ளியில் கட்டணம் இதைவிடக் கூடுதல், தனியாரைவிடக் குறைவு. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் விடுதியும் சேர்த்து ஆண்டுக்கு இரண்டு லட்சத்திலிருந்து நான்கு லட்சத்துக்கு மேல் வரை ஆகும். தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் ஏறக்குறைய அதே அளவைக் கேட்கின்றன.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்த மாணவர்கள், 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி தங்களுக்கு இருக்கும் 7.5 சதவீத ஒதுக்கீட்டை மறக்க வேண்டாம். மருத்துவத்துக்கு அப்படி ஒன்று இருப்பது ஊருக்கே தெரிந்திருக்கிறது. சட்டப் படிப்புக்கும் இருப்பது பலருக்குத் தெரியவில்லை. இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசு ஏற்கிறது. புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் ஆயிரம் ரூபாய் தனி.

இப்போது கடன். ஆண்டுக்கு மூன்று லட்சம் வீதம் ஐந்து ஆண்டுக்குப் பதினைந்து லட்சம் கல்விக் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வட்டி பத்து சதவீதம். படிக்கும்போதும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி நிற்பதில்லை. முதல் ஆண்டு வாங்கிய மூன்று லட்சத்துக்கு ஆறு ஆண்டு வட்டி, அடுத்ததற்கு ஐந்து ஆண்டு என்று தனி வட்டியாகக் கூட்டிக்கொண்டே போனாலும் ஆறு லட்சம் வருகிறது. ஆக, தவணை தொடங்கும் நாளில் நீங்கள் கட்ட வேண்டியது இருபத்தொரு லட்சம். பத்து ஆண்டில் அடைப்பதானால் மாதத் தவணை ஏறக்குறைய 27,750 ரூபாய்.

ஜூனியர் வழக்கறிஞருக்குக் கிடைப்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் பிற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் ஜூனியர்களுக்கு உதவித்தொகையாகத் தரவேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று பரிந்துரைத்தது. எல்லா சீனியர்களும் இதைத் தருகிறார்கள் என்று நம்பிக் கணக்குப் போட வேண்டாம். முழுதாகத் தந்தாலும் தவணையைக் கட்டவே அது பற்றாது. சோற்றுக்கு என்ன செய்வது?

இந்த ஓர் எண்ணால் எத்தனையோ பிள்ளைகளின் பாதை மாறிவிடுகிறது. ஏழைகளுக்காக வழக்காட வேண்டும் என்று சட்டம் படிக்க வந்த பிள்ளை, தவணைக்குப் பயந்து ஏதோ ஒரு நிறுவனத்தில் ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் மேசையில் உட்கார்ந்துவிடுகிறார். அந்த வேலையில் குறை ஒன்றுமில்லை. விரும்பிப் போனால் சரி. வேறு வழி இல்லாமல் போகக் கூடாது என்பதுதான் என் கவலை. ஆகவே என் பரிந்துரை இது: நீதிமன்றம்தான் இலக்கு என்றால், மொத்தக் கடனின் மாதத் தவணை பத்தாயிரத்தைத் தாண்டும் எந்தக் கல்லூரியையும் ஒதுக்கிவிடுங்கள். குடும்பம் அந்தத் தவணையைத் தாங்கும் என்றால் மட்டும் விதிவிலக்கு. மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை ஜூனியர் காலத்து மூன்று ஆண்டுக்கு என்று தனியே ஒதுக்குங்கள். கல்லூரிப் பெயருக்குக் கொடுக்கும் பத்து லட்சத்தைவிட, நல்ல சீனியரிடம் பணக் கவலையில்லாமல் மூன்று ஆண்டு நிற்க உதவும் மூன்று லட்சம் அதிகப் பலன் தரும்.

பெரிய சட்ட நிறுவனம்தான் இலக்கு, முன்வரிசைத் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைக்கிறது என்றால் கணக்கு வேறு. அங்கே இருபத்தொரு லட்சம் கடனைக்கூட நான்கைந்து ஆண்டில் அடைத்துவிடலாம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு உதவித்தொகையும் கட்டணச் சலுகையும் தரும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் உண்டு, எழுதிக் கேளுங்கள். ஆபத்து நடுவில்தான் இருக்கிறது: கட்டணம் முன்வரிசைக் கல்லூரிக்குச் சமமாக இருந்து, பெரிய நிறுவனங்கள் வந்து ஆள் எடுக்காத கல்லூரிகள். குடும்பங்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

தரவரிசையை எப்படிப் படிப்பது

மத்திய கல்வி அமைச்சகத்தின் என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலில் சட்டத்துக்குத் தனிப் பிரிவு 2018 முதல் இருக்கிறது. அன்றிலிருந்து பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளிக்குத்தான் முதலிடம். விண்ணப்பித்த நிறுவனங்களை மட்டுமே இந்தப் பட்டியல் கணக்கில் எடுக்கிறது. ஆராய்ச்சிக் கட்டுரைகள், ஆசிரியர்–மாணவர் விகிதம், வெளியில் இருக்கும் நற்பெயர் எல்லாம் சேர்ந்துதான் மதிப்பெண் ஆகிறது. எங்கள் ஊர் அரசுச் சட்டக் கல்லூரி பட்டியலில் இல்லையே என்றால், அது மோசமான கல்லூரி என்று பொருளில்லை. பதினெட்டாவது இடத்துக்கும் இருபத்து மூன்றாவது இடத்துக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்துக்காக ஒரு ரூபாய்கூட கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். பெரிய நிறுவனங்கள் ஆள் எடுக்கும் வரிசையும் இந்தப் பட்டியல் வரிசையும் ஒன்றல்ல என்பதையும் மனத்தில் வையுங்கள்.

அந்தப் பட்டியலைவிடப் பயனுள்ள ஒன்று அதன் பின்னால் இருக்கிறது. ஒவ்வொரு கல்லூரியும் என்.ஐ.ஆர்.எஃப்.புக்கு அனுப்பிய தகவல் படிவம் பொதுவெளியில் கிடைக்கிறது. அதில் உரிய காலத்தில் பட்டம் முடித்தவர்கள் எத்தனை பேர், வேலைக்குத் தேர்வானவர்கள் எத்தனை பேர், அவர்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு, மேற்படிப்புக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்ற நான்கு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் வருவது மூன்றாவது எண் மட்டுமே. நூறு பேர் பட்டம் முடித்து, முப்பது பேர் வேலைக்குப் போய், இடைநிலைச் சம்பளம் எட்டு லட்சம் என்றால், அந்த எட்டு லட்சம் முப்பது பேருக்குள் கணக்கிட்டது. மீதி எழுபது பேரில் பலர் நீதிமன்றத்துக்குப் போயிருப்பார்கள், அவர்களுக்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. மூன்று ஆண்டுப் படிவங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஓர் ஆண்டு மட்டும் எண் திடீரென்று எகிறியிருப்பதும் தெரிந்துவிடும். ‘அதிகபட்சச் சம்பளம்’ என்று ஒரே ஒரு மாணவரின் எண்ணைக் காட்டும் துண்டறிக்கையைக் கீழே வைத்துவிடலாம்.

தரவரிசையால் உங்கள் கைக்குக் காசு வரும் ஓர் இடம் உண்டு. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலை அடிப்படையாக வைத்துத் தெரிவு செய்த நிறுவனங்களில் சேர்கிறவர்களுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால் பத்து லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. சலுகை பெறுவோரின் எண்ணிக்கைக்கு ஆண்டு வரம்பு இருப்பதால், விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

பட்டியலில் வராதவை

1891இல் தொடங்கிய சென்னைச் சட்டக் கல்லூரி, உயர் நீதிமன்றத்தை ஒட்டி நின்ற காலத்தில், வகுப்பு முடிந்த மாணவர் சாலையைக்கூடக் கடக்காமல் ஒரு பெரிய வழக்கின் வாதத்தைக் கேட்கப் போகலாம். 2018இல் கல்லூரி பட்டறைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் போனபின் அது அரை நாள் பயணம் ஆயிற்று. எந்தக் கல்லூரியைப் பார்க்கப் போனாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: பக்கத்து நீதிமன்றம் எவ்வளவு தூரம், மாணவர்கள் உண்மையிலேயே போகிறார்களா? கோவை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் மாவட்ட நீதிமன்றம் பஸ் பயணத்துக்குள் இருக்கிறது. சாயங்காலங்களில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பழகும் மாணவர், பட்டம் வாங்கும் நாளிலேயே பாதி ஜூனியர். ஊரின் நடுவிலிருந்து வெகுதூரம் தள்ளி, வெளியே போக விடாத வளாகங்களில் இதற்கு வழியில்லை.

ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை காலி என்று கேளுங்கள். அரசுக் கல்லூரிகளின் பெரிய குறை இதுதான், மறைக்க வேண்டியதில்லை. கௌரவ விரிவுரையாளர்களை வைத்துப் பாடங்கள் ஓடும் துறைகள் உண்டு. நூலகத்தில் எஸ்.சி.சி. ஆன்லைன், மனுபத்ரா போன்ற தீர்ப்புத் தேடல் வசதி மாணவர் கைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். இறுதியாண்டு மாணவர் ஒருவரிடம் குற்றவியல் பாடம் எந்தச் சட்டத்தை வைத்து நடக்கிறது என்று விசாரியுங்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. இன்னமும் பழைய தண்டனைச் சட்டக் குறிப்புகளை மட்டும் நகலெடுத்துத் தரும் கல்லூரியில் பாடம் எந்த நிலையில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலான விசாரணை, படிப்பு முடித்து இரண்டு மூன்று ஆண்டு ஆனவர்களோடு பேசுவது. கல்லூரி காட்டும் நட்சத்திர மாணவர்களை விட்டுவிடுங்கள். உங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்துக்குப் போய் விசாரித்தால் அந்தக் கல்லூரியில் படித்த நாலு பேர் கிடைப்பார்கள். இப்போது என்ன செய்கிறீர்கள், முதல் சீனியர் எப்படிக் கிடைத்தார், இன்டர்ன்ஷிப் கல்லூரி வாங்கித் தந்ததா, நீங்களே தேடினீர்களா, கடன் எவ்வளவு பாக்கி என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒளிக்காமல் சொல்வார்கள்.

அங்கீகாரம்

பணம் கட்டும் முன் ஒரு வேலை பாக்கி. சேரப்போகும் படிப்புக்கு, சேரப்போகும் ஆண்டுக்கு, இந்திய பார் கவுன்சிலின் ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரிக்கு ஒப்புதல் இருந்தும் புதிதாகத் தொடங்கிய பிரிவுக்கு இல்லாமல் போகலாம். தொலைநிலைக் கல்வியில் வாங்கும் சட்டப் பட்டத்தை வைத்து வழக்கறிஞராகப் பதிய முடியாது. வகுப்புக்கு வராமலே பட்டம் தருவதாக வெளி மாநிலக் கல்லூரிகளின் பெயரைச் சொல்லி இடைத்தரகர்கள் வருவார்கள். அந்தப் பட்டத்தைக் கொண்டு பதியப் போகும்போது சிக்கலில் மாட்டுவது நீங்கள். பதிவுக் கட்டணமாகப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேலும், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் மாநில பார் கவுன்சில்கள் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பதிவோடு அகில இந்திய பார் தேர்விலும் தேற வேண்டும்.

மனம் உறுதிப்படவில்லை என்றால்

பட்டப் படிப்பு ஒன்றை முடித்துவிட்டு மூன்றாண்டு எல்.எல்.பி. படிக்கும் வழி இன்னும் திறந்திருக்கிறது, அதை யாரும் குறைவாகப் பார்ப்பதில்லை. பி.காம். முடித்துவிட்டு வரிச் சட்டத்துக்கு வருகிறவரும், வேதியியல் முடித்துவிட்டுக் காப்புரிமைக்கு வருகிறவரும் ஐந்தாண்டு படித்தவரைவிட ஒரு படி முன்னால்கூட இருக்கலாம். செலவு என்று பார்த்தால், சொந்த ஊர் கலைக் கல்லூரியில் மூன்றாண்டும் அரசுச் சட்டக் கல்லூரியில் மூன்றாண்டும் ஆகிற மொத்தப் பணம், தனியார் பல்கலைக்கழகத்தின் ஓராண்டுக் கட்டணத்துக்குள் அடங்கிவிடும். விலை ஒன்றுதான்: கூடுதலாக ஓர் ஆண்டு.

நாட்காட்டி

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான கிளாட் தேர்வு பிளஸ் டூ ஆண்டின் டிசம்பரிலேயே வந்துவிடும். டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் தனித் தேர்வும் அதே மாதம். கிளாட்டில் இரண்டு மணி நேரத்தில் 120 கேள்விகள், எல்லாம் ஆங்கிலப் பத்திகளைப் படித்து விடை சொல்வது. தமிழ் வழியில் படித்த மாணவர் பிளஸ் ஒன்னிலேயே தினமும் ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கப் பக்கத்தைப் படிக்கத் தொடங்கினால் பயிற்சி மையம் இல்லாமலும் எட்டிப் பிடிக்கலாம். முதல் முயற்சியிலேயே பெங்களூரு கிடைக்காவிட்டாலும், திருச்சியை அடுத்த நாவலூர் குட்டப்பட்டில் இருக்கும் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் தமிழ்நாட்டு மாணவர்களுக்கென்று தனி இடங்கள் உண்டு. அங்கே இடம் கிடைத்து, உதவித்தொகையும் சேர்ந்தால், உயர் நீதிமன்றம், நிறுவன வேலை இரண்டு பக்கமும் போகலாம்.

அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பு பிளஸ் டூ முடிவை ஒட்டி வரும். சீர்மிகு சட்டப்பள்ளிக்கும் இணைப்புக் கல்லூரிகளுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றுக்குப் போட்டதே மற்றதற்கும் சேரும் என்று எண்ணி இடத்தை இழக்கிறவர்கள் உண்டு. தனியார் கல்லூரிகள் இதற்கெல்லாம் முன்பே, ஜனவரியிலும் பிப்ரவரியிலும், இடத்தை உறுதி செய்ய முன்பணம் கேட்கும். அதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், எந்தத் தேதி வரை என்பதை எழுத்தில் வாங்காமல் கட்டாதீர்கள். அரசுக் கல்லூரிக் கவுன்சலிங் முடியும் தேதிக்கு முன்பே அந்தக் கெடு முடிகிறது என்றால், அந்த முன்பணம் போய்விட்டதாகவே வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.